கதிரொளியும் கண்ணொளியும்

பிற பொருள்களையெல்லாம் நமக்குக் காட்டிவிட்டுத் தான் மட்டும் காணப்படாது நிற்பது ஒன்று உலகில் உண்டு; அது வெயிலேயாம். வீதியைக் காண்கின்றோம், வீட்டைக் காண்கின்றோம், எதிர்வரும் மனிதர் முகத்தைக் காண்கின்றோம். இவற்றைக் காணச் செய்யும் வெயிலைக் கண்டோமா என்று ஒருவர் கேட்பின், நம்மிற் பலர் விடை கூற மாட்டாது விழிப்போம். வெயிலைக் குறித்து நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் குறை கூறுதற் பொருட்டே. சித்திரையில் அது கொளுத்துகின்றது என்கின்றோம். ஆடியில் அது வரவில்லையே, துணி காயவில்லையே என்கின்றோம். வந்தாலும் பழி, வாராவிடினும் பழி. இன்று அது எவ்வண்ணம் வந்தது என்று நின்று நோக்கினார் மிகச் சிலர்.

யானும் அப்பலருள் ஒருவனாகவே நாற்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தேன். பிறந்ததும் வளர்ந்ததும் பிழைப்பதும் கோயம்புத்தூரே. நம் கல்லூரி விடுதியிற் கழித்த ஆண்டுகள் மட்டுமே யான் அவ்வூரைப் பிரிந்திருந்த காலம். அதன் வீதிகளை அறிவேன், கடைகளை அறிவேன், எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அறிவேன். அவ்வீதிகளின்மேல் ஒளி எவ்வாறு வந்து விழுகின்றது என்பதை மட்டும் அறிந்திலேன். அதனை அறியுமாறு என்னைச் செய்தவர் கண்ணொளி முற்றும் இழந்த ஒருவர். அவர் என் தந்தையார். அவ்விருத்தாந்தத்தையே நம் மாணவ நண்பர்க்கும் பழைய தோழர்க்கும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் நூற்பு மில் தொழிலாளி. 1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை நிறுவிய மில்லோடு கோவையில் ஆலை நூற்பு தொடங்கிற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் நீலகிரியினின்று இறங்கி வந்தபின் மில்கள் மிகப் பல்கின. அவற்றுள் ஒன்றில், சிங்காநல்லூர்ப் பக்கத்தில், தந்தையார் முப்பத்திரண்டு ஆண்டு உழைத்தார். ரிங் பிரேம் என்னும் இயந்திரத்தின் பக்கத்தே ஓயாது நடந்து, அறுந்த இழையைக் கண்ணாற் கண்டு கையால் ஒட்டுவது அவர் வேலை. அவ்வியந்திரத்தில் நூல் சுற்றிக்கொள்ளும் தண்டிற்குக் கதிர் என்று பெயர். ஞாயிற்றின் கிரணமும் கதிர்; சோளமும் கம்பும் ஈனுவதும் கதிர்; நூல் நூற்பதும் கதிர். கொங்கு நாட்டார் பிழைப்பு இம்மூன்று கதிர்களைச் சுற்றியே ஓடுகின்றது என்று தந்தையார் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. ஓர் இழை அறுந்தாலும் பத்தடித் தூரத்திலிருந்தே அவர் கண் அதனைப் பிடித்துவிடும் என்பர் அவரோடு உழைத்தோர்.

அத்தகைய கண்களுக்கே கேடு வந்தது. கண்ணினுள் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் கிளாக்கோமா என்னும் நோய் அது. அதில் பெரும்பாலும் வலியில்லை, முன்னறிவிப்பும் இல்லை. முதலிற் பார்வையின் ஓரங்கள் மறைகின்றன. நடுப்பகுதி தெளிவாயிருப்பதால் நோயாளி தம் இழப்பை உணர்வதில்லை. வாசற்படியில் இருமுறை இடறி விழுந்த பின்னரே, 2021-ஆம் ஆண்டில், நாங்கள் வைத்தியரிடம் சென்றோம். இழந்த பார்வையை மீட்க மருந்தில்லை என்றும், எஞ்சியதைக் காக்கவே முயலலாம் என்றும் அவர் கூறினார். முயன்றோம். எனினும் காலங்கடந்துவிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் எஞ்சியிருந்ததும் மறைந்தது. இந்நோய் குடும்பவழியாகவும் வருவதாகலின் என் கண்களையும் சோதித்தனர். இப்போது குற்றம் யாதுமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் வருக என்றனர்.

நிற்க. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாடோறும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கவேண்டும் என்பது வைத்தியர் கட்டளை. அதனை யான் மருந்துண்பவன் போலவே நிறைவேற்றி வந்தேன். கைப்பேசியும் காதிற் செருகிய கருவியும் துணையாக, அரசியற் சர்ச்சைகளையோ பங்குச் சந்தை நிலவரத்தையோ கேட்டுக்கொண்டு, தலை கவிழ்ந்து சென்று தலை கவிழ்ந்து மீளுவேன். ஒருநாட் காலை அவ்வாறு மீண்டு வருகையில், வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்த தந்தையார் என் செருப்போசை கேட்டு முகந்திருப்பினார்.

"ஏங்கண்ணு, இன்னைக்கு வெயில் எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுங்கப்பா" என்றேன்.

"நல்லா இருக்குதுன்னா? மஞ்சளா இருக்குதா, வெள்ளையா இருக்குதா? மேகம் கீகம் உண்டா?"

யான் வாய் திறந்தேன், சொல் எழவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலிலேயே நடந்து வந்தவன் யான். சட்டை நனைந்திருந்தது. ஆயினும் அவ்வெயிலின் நிறம் யாதென எனக்குத் தெரியவில்லை. திரும்பி வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "மஞ்சளாத்தானுங்க" என்றேன். நான் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை என் குரல் வந்த திசையால் அவர் அறிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதிருந்ததே என்னை மிகவும் சுட்டது. கண்ணில்லாதவர் கேட்கின்றார், கண்ணுள்ளவன் காணாது வந்து நிற்கின்றான். எம்மிருவருள் குருடர் யாவர்?

மறுநாள் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். இன்று வெயிலைக் கவனிப்பேன் என்று உறுதி செய்துகொண்டேன். நூறடி நடப்பதற்குள் மகளின் பள்ளிக் கட்டணம் நினைவிற்கு வந்தது. அடுத்த நூறடியில் வங்கித் தவணை. அதற்கடுத்து, எப்போதோ ஒருவர் சொன்ன சுடுசொல். வீடு திரும்பியபோது முந்திய நாளினும் சற்றே மேலாயிருந்தேன், அவ்வளவே.

இக்காலத்தார் 'மைண்ட்புல்னெஸ்' என்று பெரிதும் பாராட்டும் பயிற்சி ஒன்று உண்டு. பௌத்தர் பாளி மொழியில் 'சதி' என்று வழங்கிய பழைய சாதனையே அதற்கு வேர். நடக்கும்போது நடக்கின்றேன் என்றும், மூச்சு விடும்போது மூச்சு விடுகின்றேன் என்றும் அறிந்திருத்தல் அதன் முதற்பாடம். 1979-ஆம் ஆண்டில் ஜான் கபட்-ஸின் என்பார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நீங்காத நோவுடையோர்க்கும் மனத் தளர்ச்சியுடையோர்க்கும் அதனை எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தளித்தார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவிற்று. நம் மறையிலும் இதற்கு இடமில்லாமலில்லை. கவலையால் நைந்தோர்க்கு மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் காட்டிய மருந்து, பறவைகளையும் வயற்பூக்களையும் நோக்குமாறு பணித்ததேயன்றோ? ஆனால் 'கவனி' என்று மனத்திற்குக் கட்டளையிட்டால் மட்டும் அது கவனிப்பதில்லை. குழந்தையைச் 'சும்மா இரு' என்பது போன்றதே அது. கையில் ஒரு வேலை கொடுத்தால் குழந்தை அடங்கும், மனமும் அத்தகையதே.

ஆகவே நான்கு வினாக்களை வேலையாகக் கொடுத்தேன். முதல் வெயில் எதன்மேற் பட்டது? அதன் நிறம் யாது? நிழல் எப்பக்கம், எவ்வளவு நீளம்? நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு என்ன? இந்நான்கிற்கும் விடை கொண்டுவந்து தந்தையாரிடம் ஒப்புவிக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கேட்பார் என்றறிந்த மாணவன் பாடத்தைப் படிப்பது போல யான் வீதியைப் படிக்கத் தொடங்கினேன்.

என் நடை உக்கடம் பெரியகுளத்தின் கரையிற் தொடங்கும். நொய்யல் நீரால் நிறையும் அக்குளம் ஏறக்குறைய 320 ஏக்கர் பரப்புடையது. கிழக்கே நகரம், மேற்கே மலை. வானம் தெளிந்த நாட்களில், கீழ்வானில் ஞாயிறு தோன்றுமுன்னரே மேற்கு மலையின் உச்சியில் வெயில் விழுந்துவிடுகின்றது. உயரத்தில் நிற்போர்க்கு அடிவானம் தாழ்ந்திருத்தலின் அவர்க்கு ஞாயிறு முந்தித் தோன்றுகின்றது என்பது காரணம். முதலில் மலை செந்நிறமாயிருக்கும்; பின்னர்ப் பொன்னிறமாகும்; அதன் பின்னரே தன் இயற்கைப் பசுமையைப் பெறும். அடுத்தபடி கூழைக்கடாக்களின் வெண்சிறகில் ஒளி படும். பின்பு நீரிற் படும். நீரில் மிதக்கவிட்டிருக்கும் சூரிய மின்தகடுகளில் படும். மலையுச்சி தொடங்கி என் காலடி வரை வெயில் இறங்கி வர எத்தனை நிமிஷம் ஆகின்றது என்று எண்ணியவாறு நிற்பேன். அந்நிமிஷங்களில் வங்கித் தவணை என் நினைவிற்கு வருவதில்லை.

குளத்தைவிட்டு நகருக்குள் நுழைந்தால் 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உக்கடம் மேம்பாலம். அதன்மேல் செல்வோர்க்கு வெயில் நிரம்ப உண்டு; அடியில் இருப்போர்க்கு அது அளந்தே கிடைக்கின்றது. காலையில் அரைமணி நேரம் மட்டும் தூண்களுக்கிடையே சாய்வாக ஒரு பட்டை உள்ளே புகும். மார்கழிக் குளிரில், கீரைக்கட்டு விற்கும் ஒரு மூதாட்டியார் அப்பட்டை நகர நகரத் தம் சாக்கையும் நகர்த்திக்கொண்டே அமர்ந்திருப்பதைக் கண்டேன். வெயிலைக் கவனிக்க அவர்க்கு எந்தப் பயிற்சியும் வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்பால் ஒப்பணக்கார வீதி. அது தென்வடலாகச் செல்வது. ஆதலின் காலையில் மேலைச்சிறகுக் கடைகளின் மேன்மாடிகள் ஒளிபெற்று நிற்க, கீழைச்சிறகு இருண்டிருக்கும். ஒளிக்கும் நிழலுக்கும் இடையே கயிறு பிடித்தாற்போல் ஒரு கோடு. அக்கோடு மாடி மாடியாக இறங்கி, பெயர்ப்பலகையைத் தாண்டி, பூட்டிய இரும்புக் கதவைத் தாண்டி, வீதி பெருக்கும் பெண்மணியின் துடைப்பம் வரை வரும். அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலின் உயர்ந்த கூம்புகள், 1892-ஆம் ஆண்டில் எழுந்த டவுன் ஹாலின் முகடு, கோனியம்மன் கோபுரத்தின் கலசங்கள், பெரிய கடை வீதியிலுள்ள மிக்கேல் அதிதூதர் பேராலயத்தின் கோபுரங்கள் ஆகிய இவையே இப்பகுதியில் முதலொளி பெறுவன. வெயில் மதம் பார்ப்பதில்லை, உயரமே பார்க்கின்றது என்று எண்ணினேன். சிறிது நேரத்தில் அது உயரமும் பாராது எல்லாரிடத்தும் வந்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் வீடு சென்று சொல்லுவேன். தந்தையார் குறுக்கே கேட்பார்: "கலசத்துல பட்டதா, கலசத்துக்குக் கீழ இருக்கிற பொம்மையில பட்டதா?" யான் தடுமாறினால், "நாளைக்குப் பாத்துட்டு வா சாமி" என்பார். இவ்வாறு நாள்தோறும் ஒரு வினா மிகுந்தது. நாள்தோறும் என் கண் சற்றே திறந்தது.

வினாக்கள் மிகவே நூல்களையும் நாடலானேன். காலை வெயில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருப்பதேன்? ஞாயிறு தாழ்ந்திருக்கையில் அதன் ஒளி நெடுந்தூரம் காற்றினூடே வரவேண்டியுள்ளது. வழியில் நீலக்கூறு பெரிதும் சிதறிவிட, மஞ்சளும் சிவப்புமே நேராக நம்மை அடைகின்றன. சிதறிய நீலமே வானத்தின் நிறம். 1871-ஆம் ஆண்டில் ரேலி பிரபு இதன் கணக்கை வெளியிட்டார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டில் கப்பற் பிரயாணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். அது வானத்தின் பிரதிபிம்பமே என்று கூறிப் பலர் அமைந்திருந்தனர்; அவர் அமையவில்லை. நீர் தானும் ஒளியைச் சிதறச் செய்கின்றது என்று ஆராய்ந்தார். அவ்வழியே சென்று 1928 பிப்ரவரி 28-இல் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்து, 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். அக்கடலின் வழியே அவர்க்கு முன்னும் பின்னும் சென்றோர் எத்தனை ஆயிரவர்! ஒளி அவர் எல்லார்க்கும் ஒன்றே. நின்று வினவியவரே வேறுபட்டவர்.

நம் ஊர்ப் பஞ்சாங்கச் செய்தி ஒன்றும் இங்ஙனமே விளங்கிற்று. கோவை பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நாலாம் வாரத்திலும், ஆண்டில் இருமுறை, நண்பகலில் ஞாயிறு நேரே நம் தலைக்கு மேல் நிற்கின்றது. நட்ட கோலுக்கு நிழல் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்க, நிழல் தெற்கே விழுகின்றது. கடிகாரம் 12 காட்டும்போது உச்சி வந்துவிட்டதென்று எண்ணுதலும் பிழை. இந்தியப் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கோவை ஏறக்குறைய 77 பாகையில் உள்ளது. ஆதலின் சராசரியாக 22 நிமிஷம் பிந்தியே நமக்கு உச்சிப்பொழுது வருகின்றது.

தெற்கே விழும் நிழலைப்பற்றித் தந்தையாரிடம் பெரிய கண்டுபிடிப்புப்போலச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது எனக்கு மில்லுலயே தெரியும்" என்றார். பழைய நூற்பு மில்களின் கூரை இரம்பப் பல் போன்ற அமைப்புடையது. ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கம் வடக்கு நோக்கியிருக்கும். அதில் கண்ணாடி பதித்திருப்பர். வடபுறத்து ஒளி சீரானது. நேர் வெயில் உள்ளே விழாது. இழைமேற் கண் கூசாது. ஆண்டு முழுதும் அக்கூரையின்கீழ் ஒரே சீரான வெளிச்சம். ஆனால் ஆனி மாதத்தில் மட்டும், உச்சி வேளையில், வடக்கே சாய்ந்த ஞாயிற்றின் ஒளி அக்கண்ணாடி வழியே ஒரு கோடாக உள்ளே இறங்கும். பஞ்சுத் துகள் அதில் மிதக்கும். அக்கோடு தம் இயந்திரத்தின்மேல் விழும் சில நிமிஷத்திற்காகவே தாம் பகல் ஷிப்டு வரவேண்டுமென்று விரும்பியதுண்டு என்றார். அரை நைட்டும் முழு நைட்டும் மாறி மாறி வரும் பிழைப்பில், ஒரு ஆண்டு அது கிடைக்கும், ஒரு ஆண்டு கிடைக்காது. நாங்கள் அவரைத் தூங்கும் தந்தையாகவே அறிந்திருந்தோம். பகலில் அவர் உறங்க, நாங்கள் ஓசையின்றி விளையாடுவோம். அவர் உள்ளத்தில் இப்படி ஒரு வெயிற்கோடு இருந்ததை யான் என் நாற்பத்தைந்தாம் வயதுக்குப் பின்னரே அறிந்தேன்.

இனி யான் வெட்கத்தோடு கூறவேண்டிய ஒன்றுண்டு. மரத்தடியில் விழும் வெயில் வட்ட வட்டமாயிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். இலைகளின் இடுக்கு வட்டமன்று; எனினும் ஒளிப்பொட்டு வட்டமாயிருக்கின்றது. ஏனெனில் அது இடுக்கின் வடிவமன்று, ஞாயிற்றின் பிம்பம். ஒவ்வொரு சிறு துளையும் ஒரு புகைப்படப் பெட்டிபோல் வேலை செய்கின்றது. இடுக்கு 10 மீட்டர் தொலைவில் இருப்பின் நிலத்தில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலமுள்ள ஞாயிறு விழும். காலையில் ஒளி சாய்ந்து வருதலின் அது முட்டை வடிவாக நீளும். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதைக்குள் கோவையும் இருந்தது. அன்று எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அவ்வட்டங்களெல்லாம் பிறைகளாயின. பின்னர்ச் சிறிது நேரம் வளையங்களாயின. வாசல் முழுதும் வளையல்களை வாரி இறைத்தாற்போல் இருந்தது. யான் கைப்பேசியாற் படமெடுத்தேன், நண்பர்க்கு அனுப்பினேன், அவர்கள் புகழ்ந்து எழுதியவற்றைப் படித்தவாறு நின்றேன். தந்தையார் உள்ளே அமர்ந்திருந்தார். அப்பொழுது அவர்க்குப் பார்வை இருந்தது. இருபதடி தூரம். அவரை அழைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முன், அவரை ஆட்டோவில் ரேஸ் கோர்ஸுக்கு அழைத்துச் சென்றேன். மரநிழல் சூழ்ந்த அந்நடைபாதையில் அவர் என் முழங்கையைப் பற்றிக்கொள்ள, இருவரும் மெல்ல நடந்தோம். யான் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைத் தடுத்து, "நீ கொஞ்சம் சும்மா வா, நான் சொல்றேன்" என்றார். வலக்கன்னத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது நெற்றிக்கு மாறியவுடன், "இப்பக் கெழக்க திரும்பிட்டோம்" என்றார். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தம் கைமேல் ஓடுவதைக்கொண்டு, "இது சின்ன எலை மரம், இது அடர்ந்த மரம்" என்றார். ஓரிடத்தில் நின்றார். "இங்க ஒரு மரம் இருந்திருக்கணுமே, வரிசை விட்டுப்போச்சு" என்றார். யான் சுற்றிலும் நோக்கினேன். பாதையோரத்தில் மண்ணோடு மண்ணாய் ஓர் அடிமரம் கிடந்தது. காற்றில் வீழ்ந்ததோ, வெட்டப்பட்டதோ அறியேன். அவ்வழியே பலமுறை நடந்த யான் அதுவரை அதனைக் கண்டதில்லை.

யான் அவர்க்குக் கண்ணாக இருக்கின்றேன் என்று சில மாதங்களாக உள்ளூர எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் அங்கே அற்றது. அவர் வெயிலை இழந்தாரல்லர். அதன் நிறத்தை மட்டுமே இழந்தார். அந்நிறம் ஒன்றையே என்னிடம் கேட்டு வந்தார்.

பின்னர் ஒரு பெரிய மரத்தடியில், நிலத்தில் விழுந்த ஒளிவட்டம் ஒன்றில் அவர் உள்ளங்கையை ஏந்துவித்தேன். "இது வெயில் பொட்டு இல்லைங்கப்பா, சூரியனே இவ்வளவு சின்னதா விழுந்திருக்குது" என்றேன். கிரகண நாளன்று அது வளையமாக விழுந்ததையும் சொன்னேன். வாசல் நிறைய விழுந்ததைச் சொன்னேன். அவர் கையை மூடவில்லை. சிறிது நேரங்கழித்து, "அன்னைக்கே ஏன் கண்ணு கூப்பிடலை?" என்றார். குரலிற் சினமில்லை, அறிந்துகொள்ள விரும்பியே கேட்டார். என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை.

"அடுத்தது எப்ப வரும்?" என்றார். 2031 மே 21-ஆம் நாள் தென் தமிழ்நாட்டில் கங்கண கிரகணம் தோன்றும் என்றும், அன்று கோவையிலும் ஞாயிற்றின் பெரும்பகுதி மறையும் என்றும் கூறினேன். அவர் தம் வயதை விரல்விட்டு எண்ணினார். "இருந்தா, என்னைய வெளிய கூட்டியாந்து உக்கார வெச்சு, நீ பாத்துச் சொல்லு" என்றார்.

மாணவ நண்பர்காள்! இதினின்றும் யான் உங்கட்கு உபதேசம் செய்யத் தகுதியுடையேனல்லேன். மூன்று விண்ணப்பங்கள் மட்டும் உண்டு. ஒன்று, உங்கள் பெற்றோர் நாற்பது வயது கடந்தவராயின் அவர் கண்களைச் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள். வலிக்கட்டும் என்று காத்திராதீர்கள். இரண்டு, காலையில் ஒரு பதினைந்து நிமிஷமாயினும் கைப்பேசியின்றி உங்கள் ஊர் வீதியில் நடந்து, வெயில் எதன்மேல் முதலிற் படுகின்றது என்று பாருங்கள். ஞாயிற்றை நேரே நோக்காதீர்கள். அது கண்ணுக்குக் கேடு. அது தொட்ட பொருள்களை நோக்குங்கள், அதுவே போதும். மனம் அமைதியுறும் என்று அறிந்தோர் கூறுகின்றனர். என்னளவில் அது மெய்யே. மூன்றாவது, கண்டதை ஒருவரிடம் சென்று சொல்லுங்கள். தனக்கென்று மட்டும் கவனிப்பவன் விரைவிற் சலிப்படைகின்றான். ஒருவர் கேட்பார் என்றறிந்து கவனிப்பவன் சலிப்பதில்லை. கேட்பதற்கு உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கும்போதே சொல்லுங்கள். அவர் கண் காணும்போதே அழைத்துக் காட்டுங்கள்.

இதனை எழுதி முடிக்கும் இன்று கோவையில் வானம் பாதி மூடியிருந்தது. முதல் வெயில் மலையிற் படவில்லை; 7 மணிக்குப் பின்னரே மேகம் விலகிப் பேராலயத்தின் வடக்குக் கோபுரத்தில் வெள்ளையாய்ப் பட்டது, மஞ்சளாயன்று. தெற்குக் கோபுரத்தில் எப்போது பட்டது என்று தந்தையார் கேட்டார். பார்க்கத் தவறிவிட்டேன். நாளை பார்த்துவந்து சொல்ல வேண்டும்.